ஐ.டி.ஐ. முடித்த புதிய எலக்ட்ரீஷியன்: வீட்டு வயரிங் வேலையா, ஆலையில் அப்ரண்டிஸா?

கேட்பவர்: ராஜபாளையம் இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்து, தேசியத் தொழிற்சான்றிதழும் வாங்கிவிட்டேன். எழுத்துத் தேர்வில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கைப்பழக்கம்தான் போதவில்லை. பயிற்சிக் கூடத்தில் மரப்பலகையில் மாடிப்படி விளக்குச் சுற்று போட்டிருக்கிறேன், மோட்டாரைக் குறைந்த கரண்டில் புறப்பட வைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை வரைபடம் பார்த்து இணைத்திருக்கிறேன், சீலிங் ஃபேனைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆனால் குடியிருக்கும் வீட்டிலோ, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிலோ நின்று ஒரு கோளாறை நானே தேடிக் கண்டுபிடித்தது கிடையாது. எங்கே வேலை கேட்டுப் போனாலும் "அனுபவம் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இப்போது என் முன்னால் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, எங்கள் ஊரில் வீட்டு வயரிங் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஹெல்பராகச் சேர்வது. தினக்கூலி உண்டு, ஆனால் அவரிடம் வேலை பார்க்கும் என் சீனியர் ஒருவர், முதல் ஆண்டு முழுவதும் பைப் தூக்குவதும் சுவரில் காடி வெட்டுவதும்தான் வேலை, டெஸ்டரைக்கூடக் கையில் தர மாட்டார்கள் என்கிறார். மற்றொன்று, பக்கத்தில் உள்ள நூற்பாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி. உதவித்தொகை கூலியை விடக் குறைவு. பயிற்சி முடிந்த பிறகு வேலை தருவோம் என்ற உறுதியும் இல்லை.

வீட்டில் அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் பணமும் தேவைதான். அதற்காக ஐந்தாண்டு கழித்தும் ஹெல்பராகவே நின்றுவிடக் கூடாது என்ற அச்சமும் இருக்கிறது. என்னைப் போன்ற புதியவர் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? அனுபவம் என்று கேட்கிறார்களே, உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்கள்? லைசென்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதையும் யாராவது தெளிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மதுரை வயரிங்காரர்

தம்பி, உங்கள் சீனியர் சொன்ன "பைப் தூக்குவதும் காடி வெட்டுவதும்" என்ற வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டு வயரிங் தொழிலில் பிற்பாடு திருத்தவே முடியாத முடிவுகள் எல்லாம் அந்தப் பைப் வேலையில்தான் எடுக்கப்படுகின்றன. சுவிட்சு மாட்டுவதை எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். தப்பாக மாட்டினால் கழற்றி மாட்டலாம். மேல்தளக் கான்கிரீட்டுக்குள் போன பைப்பை யார் கழற்றுவது?

சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் ஊற்றுவதற்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். அதற்குள் ஃபேன் பாக்ஸ், ஜங்ஷன் பாக்ஸ், லைட் பாயிண்டு எல்லாவற்றையும் அளந்து வைத்து, பைப் ஓட்டி, சுவருக்கு இறங்கும் இடங்களில் நீட்டி விட வேண்டும். அங்கே ஹெல்பராக நிற்கும் நீங்கள் கவனிக்க வேண்டியவை ஏராளம். இணைப்பு ஒவ்வொன்றிலும் பசை போட்டிருக்கிறார்களா, அல்லது வெறுமனே சொருகிவிட்டுப் போகிறார்களா? பசையில்லாத இணைப்பு வைப்ரேட்டர் அதிர்வில் விலகும், சிமெண்டுப் பால் உள்ளே இறங்கி இறுகும், ஆறு மாதம் கழித்து வயர் இழுக்கும் நாளில் பைப்புக்குள் விடும் ஸ்பிரிங் பாதி வழியில் முட்டி நிற்கும். பாக்ஸுக்குள் காகிதமோ தெர்மாகோலோ அடைத்திருக்கிறார்களா? கடும் வளைவுகளை ஒரே ஓட்டத்தில் அடுக்கியிருக்கிறார்களா? கான்கிரீட் ஊற்றும்போது நம் ஆள் ஒருவர் தளத்தின் மேல் நிற்கிறாரா? சித்தாள் மிதித்து உடைத்த பைப்பை ஈரத்திலேயே பார்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. பார்க்காவிட்டால் தளத்தைக் கொத்த வேண்டியதுதான்.

அடுத்த கட்டம் வயர் இழுப்பது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது நியூட்ரலைப் பற்றித்தான், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரைப் பற்றித்தான். ஃபேஸ் வயர் எந்த எம்.சி.பி.யிலிருந்து (சுமை மீறினால் தானே விழும் சுவிட்சு) வருகிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குரிய நியூட்ரல் எது என்று பலர் பார்ப்பதில்லை, கிடைத்த கறுப்பு வயரில் முறுக்கிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி.யை (மின்கசிவு வந்தால் தானே விழும் சாதனம்) இரண்டாகப் பிரித்து மாட்டியிருந்தால், ஒரு சுற்றின் ஃபேஸும் மற்றொரு சுற்றின் நியூட்ரலும் கலந்த அந்த ஒரே இணைப்பால், ஹாலில் லைட் போட்டவுடன் அந்த ஆர்.சி.சி.பி. விழும். வீட்டுக்காரர் சாதனம்தான் பழுது என்று மாற்றுவார், மறுபடியும் விழும். கடைசியில் வெறுத்துப்போய் அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிடுவார்கள். உயிரைக் காக்க வைத்த 30 மில்லி ஆம்பியர் சாதனம் இப்படித்தான் எத்தனையோ வீடுகளில் வெறும் அலங்காரமாகத் தொங்குகிறது. ஆகவே வயர் இழுக்கும் நாளிலேயே, டி.பி.யில் (எல்லாச் சுற்றுகளும் பிரியும் பெட்டியில்) ஒவ்வொரு சுற்றின் ஃபேஸையும் நியூட்ரலையும் ஜோடியாகக் கட்டி, எண் எழுதி ஒட்டும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்காமலேயே அதைச் செய்யும் ஹெல்பரை எந்தக் கான்ட்ராக்டரும் நெடுநாள் காடி வெட்ட விடமாட்டார்.

ஆனால் எல்லாக் கான்ட்ராக்டரிடமும் இது கற்கக் கிடைக்காது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் வேலையில் அவசரம் இயல்பாகவே இருக்கும். பச்சை எர்த் வயர் இழுக்காமல் மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சேருவதற்கு முன் அவர் வேலை நடக்கும் ஒரு வீட்டுக்குச் சும்மா போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் எர்த் வயர் வந்திருக்கிறதா, 16 ஆம்பியர் பாயிண்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போயிருக்கிறதா, அவரிடம் மெகர் (வயரின் இன்சுலேஷன், அதாவது மேலுறை, நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் மெகர்தான் என் அளவுகோல். வேலை முடிந்ததும் எல்லாச் சுற்றுகளையும் 500 வோல்ட்டில் மெகர் செய்து, மொத்த நிறுவலுக்கும் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் வருகிறதா என்று பார்த்துத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். அதைச் செய்பவரிடம் கூலி சற்றுக் குறைவாக இருந்தாலும் சேருங்கள். "மெகரா, அது எதற்கு, லைட் எரிகிறதல்லவா?" என்று கேட்பவராக இருந்தால் ஆலைக்கே போய்விடுங்கள்.

பதில்: ஷிப்ட் எலக்ட்ரீஷியன்

மதுரைக்காரர் சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. முடிவில்தான் மாறுபடுகிறேன்: கான்ட்ராக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஐ.டி.ஐ. முடித்த கையோடு இருக்கும் ஒருவர் அந்த ஓராண்டை ஆலையில் கழிப்பதே நல்லது என்பேன். நான் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், அதனால் என் பேச்சில் சார்பு இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வீட்டு வயரிங்கில் நீங்கள் புதிதாக ஒன்றைக் கட்டுகிறீர்கள். ஆலையில், நேற்று வரை ஓடி இன்று நின்றுபோன ஒன்றை ஓட வைக்கிறீர்கள். வேலைக்கு எடுப்பவர் அனுபவம் என்று கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது திறமையைத்தான். இரவு ஷிப்டில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் ஒன்று நின்றுவிட்டது என்று வையுங்கள். புதியவர் ஓடிப்போய் முதலில் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு காண்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சை) கையால் அழுத்திப் பார்ப்பார். பழகியவர் பேனல் கதவைத் திறப்பதற்கு முன்பே அந்த மெஷினை ஓட்டுபவரிடம் கேட்பார்: சத்தம் வந்ததா, மெதுவாக நின்றதா, சட்டென்று நின்றதா, நிற்பதற்கு முன் ஏதாவது பட்டனைத் தொட்டீர்களா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பிறகு மூன்று ஃபேஸும் வருகிறதா, கண்ட்ரோல் சப்ளை இருக்கிறதா, ஸ்டாப் பட்டன், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டு எடுத்தால் நிறுத்துவது), கதவு சுவிட்சு என்று வரிசையாக எந்த இடத்தில் வோல்ட்டேஜ் அறுகிறது எனப் பார்த்துக்கொண்டே போவார். இந்த வரிசையைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்று மணி பார்க்கும்போதும் அந்த வரிசை கலையாமல் இருப்பதற்குத்தான் ஆலையில் இருக்க வேண்டும்.

நீங்கள் இணைத்த ஸ்டார்-டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாரில் புறப்படும்போது லைன் கரண்டு நேரடி டெல்டாவில் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்பதைத் தேர்வில் எழுதியிருப்பீர்கள். ஓவர்லோடு ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பல பேனல்களில் அது மெயின் காண்டாக்டருக்குக் கீழே, வைண்டிங் (மோட்டார் சுருள்) கரண்டு மட்டும் போகும் இடத்தில் இருக்கும். அப்படியானால் மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரை அப்படியே அதில் வைக்கக் கூடாது, அதில் 58 சதவீதம்தான் வைக்க வேண்டும். பெயர்ப்பலகை எண்ணை அப்படியே வைத்துவிட்டால் மோட்டார் எரியும் வரை ரிலே வாய் திறக்காது. இது போன்றவை பயிற்சிக் கூடத்துப் பலகையில் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே மோட்டாருக்குச் சுமையே இல்லை.

நூற்பாலைக்கென்று உள்ள தொல்லை பஞ்சு. பேனலுக்குள் படியும், மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைக்கும், தளர்ந்த டெர்மினலில் சூடு ஏறினால் தீப்பிடிக்கும். அதனால் டெர்மினல்களை இறுக்குவதும், வயர் முனையில் மாட்டும் லக் சரியாக அழுத்தி கிரிம்ப் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதும், கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸின் கரண்டையும் ஒப்பிட்டு எழுதி வைப்பதும் அன்றாட வேலை. அலுப்பாகத்தான் இருக்கும்.

சட்டப்படியும் சில நன்மைகள் உண்டு. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை, அதாவது அப்ரண்டிஸ்களை, எடுத்தே ஆக வேண்டும். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்கும் அச்சட்டத்தில் வழியுண்டு. ஓராண்டு முடித்துத் தேர்வு எழுதினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பின்னால் பொதுத்துறை வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும். அதனால் அந்த ஆலை உங்களோடு செய்யும் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் பதிவாகிறதா என்பதை முதலில் கேளுங்கள். பதிவு இல்லாமல் "டிரெய்னி" என்று மட்டும் சொல்லி வேலை வாங்கும் இடங்கள் உள்ளன. அங்கே ஓராண்டு இருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆகியவையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பழகுநர்களாக எடுக்கின்றன. அறிவிப்பு வரும்போது அங்கும் விண்ணப்பித்து வையுங்கள். ஒருமுறை ஒரு நிறுவனத்தில் பழகுநராக முடித்துவிட்டால் அதே பிரிவில் இன்னொரு இடத்தில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், ஆகவே எங்கே முடிப்பது என்பதை யோசித்துத் தீர்மானியுங்கள்.

பதில்: பயிற்றுநர்

மேலே இருவரும் தொழிலைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் லைசென்ஸ் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். மாணவர்கள் மூன்று வெவ்வேறு தாள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

உங்களிடம் இருக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ், நீங்கள் படித்துத் தேறியதற்கான சான்று. அதை வைத்து நீங்களாகவே ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து கொடுக்கும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதிச் சான்றுகளைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர், மின்கம்பியாள், மின் மேற்பார்வையாளர் எனத் தனியாள்களுக்கான தகுதிச் சான்றுகள் படிப்படியாக உள்ளன. இவற்றுக்கு அப்பால், வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரருக்கான உரிமம் தனி. அதற்குத் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரையும் கம்பியாள்களையும் அவர் வேலைக்கு வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட அளவுக் கருவிகளும் இருக்க வேண்டும்.

செய்தித்தாளில் அவ்வப்போது வரும் "மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு" அறிவிப்பைப் பார்த்து ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பதறுவார்கள், ஏனென்றால் அதில் ஐந்தாண்டுக்குக் குறையாத வயரிங் அனுபவமும் 21 வயதும் கேட்டிருப்பார்கள். அந்தத் தேர்வு முதன்மையாக, முறையாகப் படிக்காமல் தொழிலிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கானது. எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளில் தேறியவர்களுக்கு வாரியத்திடம் தனி வழி உள்ளது. விண்ணப்பப் படிவங்கள் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, நேரடியாக அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எந்த வேலைக்குப் போவதானாலும் முதலில் கம்பியாள் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று: தம்பி கேட்காதது, ஆனால் நாளைக்கே எதிரில் வந்து நிற்கப்போவது. ஊரில் எலக்ட்ரீஷியனுக்குப் படித்த பையன் என்று தெரிந்துவிட்டால் தெருவே கூப்பிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் இதற்கு ஒரு தெளிவான கோடு உண்டு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை, ஏற்கெனவே உள்ள நிறுவலின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிப் பொருத்துவதற்கு ஒப்பந்தக்காரர் உரிமம் தேவையில்லை. புதிய சுற்று இழுப்பது, கூடுதல் சுமை சேர்ப்பது, இருப்பதை மாற்றியமைப்பது ஆகியவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது, சுவிட்சு மாற்றக் கூப்பிட்டால் போங்கள், பாயிண்டு சேர்க்கக் கூப்பிட்டால் உங்கள் கான்ட்ராக்டரை அழைத்துக்கொண்டு போங்கள் என்பதுதான்.

கேட்பவர்: ராஜபாளையம் இளைஞன்

மூவருக்கும் மிக்க நன்றி. பயிற்றுநர் ஐயா எழுதியதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. அப்படியொரு அழைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா புதிதாகக் கீசர் வாங்கி வைத்திருக்கிறார், குளியலறையில் மாட்டித் தரச் சொல்கிறார். வீடு நாற்பது ஆண்டுக்கு மேல் பழையது. குளியலறைக்கு வெளியே ஒரு 6 ஆம்பியர் பிளக் மட்டும் இருக்கிறது. அதை 16 ஆம்பியராக மாற்றி மாட்டினால் போதும் என்கிறார். பழகிய குடும்பம், மறுத்தால் வருத்தப்படுவார். மல்டிமீட்டரில் பார்த்தேன், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் காட்டுகிறது, ஆகவே எர்த் நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதில்: மதுரை வயரிங்காரர்

மாட்டாதீர்கள் தம்பி. காரணத்தையும் சொல்கிறேன், அதைப் பெரியம்மாவிடமும் அப்படியே சொல்லலாம்.

2 கிலோவாட் கீசர் என்றால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் எடுக்கும். உடனடியாகச் சூடாக்கும் 3 கிலோவாட் வகை என்றால் 13 ஆம்பியர். அந்த 6 ஆம்பியர் பிளக்குக்கு வந்திருக்கும் வயர் லைட் சுற்றிலிருந்து பிரிந்து வந்த மெல்லிய வயராகத்தான் இருக்கும், அதுவும் நாற்பது ஆண்டுப் பழையது. பிளக்கை மட்டும் பெரிதாக்கினால் சுவருக்குள் இருக்கும் வயர் பெரிதாகிவிடாது. கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடும்போது அந்த வயரின் இன்சுலேஷன் சுவருக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். கீசருக்கு டி.பி.யிலிருந்து 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டரில் தனிச் சுற்று, தனி எம்.சி.பி., அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் வேண்டும்.

எர்த் விஷயத்தில் உங்கள் மீட்டர் உங்களை ஏமாற்றுகிறது. டிஜிட்டல் மீட்டர் எடுக்கும் கரண்டு மிக மிகக் குறைவு. ஆகவே எர்த் வயர் நூலிழையில் தொட்டுக்கொண்டிருந்தாலும் 230 காட்டும், எர்த் குழி வறண்டு போயிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். அதைவிட மோசமான ஒன்று பழைய வீடுகளில் உண்டு: பிளக்கின் எர்த் முனையை உள்ளேயே நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பார்கள். அப்போதும் மீட்டர் அழகாக 230 காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், கீசரின் இரும்பு உடலும் அதோடு சேர்ந்த தண்ணீர்க் குழாயும் ஃபேஸ் ஆகிவிடும்; ஈரக் காலோடு குழாயைத் திறப்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள். மெயினை நிறுத்திவிட்டு, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த மூன்றாவது முனைக்கு என்ன வந்திருக்கிறது, அது எர்த் குழி வரைக்கும் போகிறதா என்று கண்ணால் தேடிப் பாருங்கள். அது உங்களுக்கு நல்ல பாடமாகவும் இருக்கும். அந்த ஊரில் உரிமம் உள்ள ஒருவரை நீங்களே அழைத்து வந்து, அவரோடு நின்று அந்தச் சுற்றை இழுத்துக் கொடுங்கள். பெரியம்மா நீங்கள் மறுத்ததாக நினைக்க மாட்டார், உங்களுக்கும் ஒரு வேலை முழுதாகக் கைக்கு வரும். கூலியை அவர் கையில் வாங்கிக்கொள்ளட்டும், உங்கள் பங்கை அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பதில்: ஷிப்ட் எலக்ட்ரீஷியன்

மதுரைக்காரர் "மெயினை நிறுத்திவிட்டு" என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மெயினை நிறுத்தியவுடன் இன்வெர்ட்டர் பவர் கட் என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடும்; அதன் சுற்றில் உள்ள லைட், ஃபேன் பாயிண்டுகளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளியீட்டையும் துண்டியுங்கள். பழைய வீட்டில் இரண்டின் நியூட்ரலும் கலந்தே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்து, ஏதோ ஒரு லைட் ஆனில் இருந்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும், புதியவர்கள் இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பயந்துபோவார்கள். டெஸ்டர் எரியாவிட்டாலும் மின்சாரம் இல்லை என்று பொருளில்லை. செருப்புக் காலோடு மரப்பலகை மேல் நிற்கும்போது மங்கலாக எரிவது பகல் வெளிச்சத்தில் தெரியாமல் போகும். மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள், மறுபடியும் தெரிந்த இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆலையில் பழகுநர்களுக்கு முதல் வாரம் இதைத் தவிர வேறெதுவும் தருவதில்லை. மெயினை நிறுத்திய பிறகு அந்த ஸ்விட்சில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் வாயால் சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும்; டி.வி. ஓடவில்லையே என்று யாராவது வந்து போட்டுவிடுவார்கள்.

கேட்பவர்: ராஜபாளையம் இளைஞன்

பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது எர்த் முனையிலிருந்து ஒரு சிவப்பு வயர்த் துண்டு நியூட்ரல் முனைக்குத்தான் போகிறது. எனக்கு வேலை தருவதாகச் சொன்ன கான்ட்ராக்டரையே அழைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மெகரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கொண்டுவருகிறாரா என்று பார்த்த பிறகு ஆலைக்குப் பதில் சொல்லலாம் என்று இருக்கிறேன். கம்பியாள் சான்றுக்கான படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன்.